கிரேம் ஓப்ரீயின் ‘ஓல்ட் ஃபெயித்ஃபுல்’: கையால் கட்டிய ஒரு ஸ்டீல் பிரேமின் நிகழ்வு ஆய்வு

1993 ஜூலை 17. நார்வேயில் ஹாமர் என்ற சிறு நகரம். அடுத்த ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் சறுக்கு ஓட்டங்களுக்காகக் கட்டப்பட்ட வைகிங்ஷிப்பெட் அரங்கில், சைக்கிள் பந்தயத்துக்கென்று மரப்பலகைத் தடம் ஒன்று போட்டிருந்தார்கள். காலை எட்டு மணி வாக்கில், ஏறக்குறைய ஆளே இல்லாத அந்த அரங்கில், கிரேம் ஓப்ரீ என்ற 27 வயது ஸ்காட்லாந்துக்காரர் தானே கட்டிய ‘ஓல்ட் ஃபெயித்ஃபுல்’ என்ற சைக்கிளில் ஏறி ஒரு மணி நேரம் ஓட்டினார். கடந்த தூரம் 51.596 கி.மீ. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984 ஜனவரியில் மெக்சிகோ சிட்டியில் வைத்த 51.151 கி.மீ. சாதனை 445 மீட்டர் வித்தியாசத்தில் உடைந்தது.

இந்தக் கதையை எங்கே கேட்டாலும் வாஷிங் மெஷினில்தான் தொடங்குவார்கள். பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பேரிங்கை வைத்து உலக சாதனை, என்ன ஒரு ஏழை மேதை, என்று போகும். வேலையில்லாதவர், அவர் நடத்திய சைக்கிள் கடை மூடப்பட்டுவிட்டது என்பதும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் உண்மைதான். ஆனால் பிரேம் கட்டுகிறவர் கண்ணால் பார்த்தால் அந்த பேரிங் இந்த சைக்கிளில் மிகச் சின்ன சமாச்சாரம். ஓட்டுகிறவரும் பிரேம் கட்டுகிறவரும் ஒரே ஆளாக இருந்ததால் எந்த முடிவு எதை இழுத்துக்கொண்டு வந்தது, அதற்கு ஸ்டீல் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

எதிரி காற்று

ஒரு மணி நேர சாதனைக்கு விதி எளிமையானது. தனி ஆள், ஒரு தடம், ஒரு மணி நேரம், எவ்வளவு தூரம் போகிறார். மலை கிடையாது, திருப்பத்தில் பிரேக் பிடிப்பது கிடையாது. தட சைக்கிளில் ஃபிரீவீல்கூட இல்லை, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். 50 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவர் செலவழிக்கும் சக்தியில் 90 சதவீதம் வரை காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். அதிலும் பெரும்பகுதி சைக்கிளால் வருவதில்லை. உட்கார்ந்திருக்கும் உடம்பால் வருகிறது.

இதில் ஒரு கொடுமையான கணக்கு உண்டு. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஓப்ரீ மோசரைவிட அதிகம் போனது 0.9 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மற்றதெல்லாம் சமம் என்று வைத்துக்கொண்டால், அந்த 445 மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் மற்றதெல்லாம் சமமாக இல்லை. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறையும் என்றாலும், பயிற்சி எடுத்துக்கொண்டு போனால் மொத்தத்தில் லாபம்தான். அதனால்தான் பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எட்டி மெர்க்ஸ் 1972-லும் மோசர் 1984-லும் அங்கே போனார்கள். ஹாமர் ஓர் ஏரிக்கரை ஊர், உயரம் 125 மீட்டர் அளவுதான். மெலிந்த காற்றில் வைத்த சாதனையை அடர்த்தியான காற்றில் ஓட்டி உடைத்திருக்கிறார். 445 மீட்டர் என்ற எண் அந்த வித்தியாசத்தைக் காட்டுவதே இல்லை.

பிரேம் கட்டுகிறவருக்கு இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, எடை பொருட்டில்லை. சமதளத்தில் ஒரு முறை வேகம் பிடித்தால் போதும், அதற்கப்புறம் ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் ஒரு மணி நேரத்தில் பெரிதாகத் தெரியாது. ஸ்டீல் மீது பொதுவாகச் சொல்லப்படும் குறை இங்கே அடிபட்டுப் போகிறது. இரண்டு, உடம்பை எப்படி மடக்குவது என்பதே முதல் கேள்வி. பிரேமின் வேலை அந்த மடக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது.

முதலில் உடம்பு, பிறகு குழாய்

அளவெடுத்துக் கட்டும் எந்த பிரேமும் உடம்பில்தான் தொடங்கும். கால் உள்ளளவு, தொடை நீளம், கை நீளம், தோள் அகலம், இடுப்பு எவ்வளவு வளையும், பழைய காயம் ஏதும் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். சீட், பெடல், ஹேண்டில் பார் ஆகிய மூன்று தொடுபுள்ளிகளும் எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானமாகும். அந்த மூன்றையும் இணைக்கும் கோடுகளாகத்தான் குழாய்கள் வரும். கடையில் வாங்கும் சைக்கிளில் இந்த வரிசை தலைகீழ். பிரேம் முதலில் இருக்கிறது, நாம் சீட்டை ஏற்றி இறக்கி அதற்குள் பொருந்திக்கொள்கிறோம்.

ஓப்ரீ கண்டுபிடித்த உட்காரும் நிலை பனிச்சறுக்கு வீரர்கள் மலையில் இறங்கும்போது குனியும் நிலையைப் போன்றது. கைகளை முன்னால் நீட்டுவதில்லை. முழங்கையை மடக்கி, முன்னங்கைகளை விலாவோடு ஒட்டி, மேல் உடம்பை அதன்மேல் கவிழ்த்து, ஹேண்டில் பாரை மார்புக்கு அடியில் பிடித்துக்கொள்வது. கைகள் காற்றுக்குத் தெரிவதே இல்லை. மார்புக்கும் கைக்கும் இடையே காற்று புகுந்து சுழலும் பொந்தும் இல்லை. ஹாமரில்தான் உலகம் இதைக் கவனித்தது. அதற்கு முன்பே பிரிட்டனின் சாலை டைம் டிரயல்களில் (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு மோதும் போட்டி) அவர் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் சாதாரண வளைந்த ஹேண்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிலைக்கு வந்து சேர்ந்தார்.

காற்றுச் சுரங்கம் வைத்து ஆராய்ச்சி செய்து வந்தது இல்லை இது. ஓட்டிப் பார், நேரம் பார், வெட்டு, மறுபடி ஓட்டு. இந்தச் சுற்று எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு வேகமாக வடிவம் தேறும். என் பார்வையில் இந்த நிகழ்வின் மையமே அந்தச் சுற்றின் வேகம்தான். ஓட்டியவர் உடம்பில் உணர்ந்ததை இன்னொரு ஆளிடம் விளக்கத் தேவையில்லை. ‘கொஞ்சம் கிட்டே வேண்டும்’ என்று உடம்பு சொன்னால், அந்தக் கொஞ்சம் எத்தனை மில்லிமீட்டர் என்று கையே கண்டுபிடித்துவிடும்.

ஏன் ஸ்டீல்

அந்தச் சுற்றுக்கு ஈடு கொடுக்கும் உலோகம் ஸ்டீல். 1993-ல் கார்பன் ஃபைபர் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்றது லோட்டஸ் நிறுவனத்தின் கார்பன் சைக்கிளில். ஆனால் கார்பனுக்கு அச்சு வேண்டும். அச்சு செய்த பிறகு ‘சீட்டை இரண்டு சென்டிமீட்டர் முன்னே கொண்டுவா’ என்றால் புது அச்சு. அலுமினியத்தை ஒட்டினால் பற்றவைத்த இடம் பலமிழக்கும், சூடேற்றிப் பதப்படுத்தும் உலை வேண்டும். டைட்டானியத்துக்கு ஆர்கான் வாயுவின் காவல் வேண்டும், காற்று பட்டால் மூட்டு நொறுங்கும். ஸ்டீலுக்கு ஓர் அரம், ஒரு ரம்பம், ஒரு கேஸ் டார்ச் போதும். நேற்று ஒட்டியதை இன்று அறுத்து நாளை மறுபடி ஒட்டலாம்.

சும்மா எளிது என்று சொல்லிவிட முடியாது. நல்ல சைக்கிள் குழாயின் சுவர் நடுவில் 0.5 அல்லது 0.6 மி.மீ. கனம்தான். ஒட்டு விழும் இரண்டு முனைகளில் மட்டும் 0.8 அல்லது 0.9 மி.மீ. இப்படி முனை தடித்து நடு மெலிந்த குழாய்க்கு இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-ல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரிலான நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினக் கலவைக் குழாய்தான் உலகப் புகழ் பெற்ற 531. அந்த நிறுவனம் 1928 முதல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில் இருந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் முருகப்பா குழுமம் கூட்டுச் சேர்ந்துதான் 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நம் வீட்டு ஹெர்குலிஸுக்கும் பந்தய வீரர்களின் 531-க்கும் அந்த வழியில் ஒரு தூரத்து உறவு உண்டு.

முனை தடிப்பாக இருப்பதற்குக் காரணம் நெருப்பு. பித்தளை உருக்கி ஒட்டுவதற்கு 900 டிகிரி செல்சியஸ் அருகே போக வேண்டும். வெள்ளி கலந்த ஒட்டுக்கம்பிக்கு 650 டிகிரி சுற்றுவட்டாரம் போதும். குழாய் உருகாது, இடையில் ஓடும் உலோகம் மட்டும் உருகி இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகும். சூடு கூடினால் எஃகின் பலம் அந்த இடத்தில் செத்துவிடும். குறைந்தால் மேலே பளபளவென்று தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. ரெனால்ட்ஸ் 1976-ல் 753 என்ற இன்னும் மெல்லிய குழாயைக் கொண்டுவந்தபோது, மாதிரி ஒட்டு ஒன்று செய்து காட்டித் தேறிய கைவினைஞர்களுக்கு மட்டுமே விற்றது, வெள்ளியால்தான் ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. குழாய் விற்கிற கம்பெனி வாங்குகிறவருக்குப் பரீட்சை வைத்தது என்பதிலிருந்தே இந்த வேலையில் கை எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

ஒட்டுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு குழாய் இன்னொரு குழாயின் வயிற்றில் போய் உட்கார, அதன் முனையை மீன்வாய் மாதிரி வளைத்து அராவ வேண்டும். வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விழுந்தால் ஒட்டு உலோகம்தான் அதை நிரப்பும், பாரத்தையும் அதுவே தாங்க வேண்டிவரும். அராவி முடித்து, தாங்கியில் பூட்டி, ஃபிளக்ஸ் (ஒட்டு உலோகம் பிடிக்க உதவும் பசை) தடவி, நாலு இடத்தில் பொட்டு வைத்து, வெளியே எடுத்துச் சமமேசையில் கோணம் பார்த்து, அப்புறம்தான் முழு ஒட்டு. எந்தப் பக்கம் முதலில் சூடாகிறதோ அந்தப் பக்கம் ஆறும்போது இழுக்கும். ஆகவே எந்த மூட்டை எந்த வரிசையில், எந்தத் திசையிலிருந்து ஒட்டுவது என்று ஒவ்வொருவரும் தனக்கென ஒரு முறை வைத்திருப்பார்கள்.

மூட்டில் இன்னொரு விஷயம். பழைய நேர்த்தியான பிரேம்களில் குழாய்கள் சந்திக்கும் இடத்தில் ‘லக்’ என்ற வார்ப்பு உறை இருக்கும், சிலர் அதை இலை வடிவிலும் பூ வடிவிலும் அராவி அழகு பார்ப்பார்கள். ஆனால் லக் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கே வார்க்கப்படும். 73 டிகிரியை 74 ஆக்கலாம், 60 ஆக்க முடியாது. ஓப்ரீயின் சைக்கிளைப் போல வழக்கமே இல்லாத கோணங்கள் வரும்போது லக் உதவாது. மூட்டை நேரடியாக ஒட்டி, சுற்றிலும் உலோகத்தைக் குழைத்து வளைவாக விடுவதோ, வெல்டிங்கோதான் வழி. அழகு பார்க்கும் ஆசைக்கு அங்கே இடமில்லை. ‘ஓல்ட் ஃபெயித்ஃபுல்’ படத்தைப் பார்த்தால் யாருக்கும் அது கண்காட்சிப் பொருளாகத் தோன்றாது.

பார் இல்லாத பிரேம்

கைகளை மார்புக்கடியில் மடக்கியதும் முதல் சிக்கல் முழங்காலில் வந்தது. உடம்பு முன்னே கவிழ்ந்திருக்கிறது. கால்களோ நெருக்கமாகச் சுற்றுகின்றன. மேலே வரும் ஒவ்வொரு முறையும் முழங்கால் உள்பக்கமாக பிரேமின் மேல்குழாயில் இடிக்கும். நாம் முன்னால் பிள்ளைகளை உட்காரவைப்போமே, அந்த ‘பார்’தான். ஓப்ரீ அதை எடுத்தேவிட்டார்.

எடுப்பது சுலபம், விளைவைச் சமாளிப்பது கஷ்டம். சைக்கிள் பிரேம் நூறாண்டுக்கும் மேலாக முக்கோணமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முக்கோணத்தின் பக்கங்கள் இழுவிசையையும் அமுக்கத்தையும் நீளவாக்கில் தாங்கிக்கொள்ளும். மெல்லிய குழாயே போதும். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஓர் உத்தரம். அது வளையும், முறுக்கிக்கொள்ளும். தட சைக்கிளில் கிளம்பும்போது ஓட்டுகிறவர் ஹேண்டிலை ஒரு பக்கம் இழுத்து எதிர்ப்பக்க பெடலை மிதிப்பார், பிரேம் முழுக்க முறுக்கு விழும்.

இதைச் சமாளிக்க ‘நல்ல ஸ்டீல்’ வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதா இரும்பானாலும் 531 ஆனாலும் ஒரே அளவு விசைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். கலவை கூடக்கூட, நிரந்தரமாகக் கோணிப்போகும் எல்லை மட்டும் தள்ளிப்போகும், அதனால் சுவரை மெலிதாக்க முடிகிறது. விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவர் கனம் மாறாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்கு ஆகும், முறுக்குக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்கு ஏறும். பார் இல்லாத பிரேமை ஒரே தடித்த குழாயை நம்பிக் கட்ட முடிவது இதனால்தான். எடை கூடும். எடை இந்தப் போட்டியில் பொருட்டில்லை என்று முன்பே பார்த்தோம். ஆக, மேல்குழாயை எடுத்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் இந்த ஒரு போட்டியின் தேவைக்குள் கணக்கு சரியாக விழுகிறது. அதே பிரேமில் மலை ஏறச் சொன்னால் விழாது.

ஹேண்டிலுக்கும் ஒரு விலை இருந்தது. அவ்வளவு குறுகிய பாரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து வேகம் எடுப்பது படாதபாடு. இந்த சைக்கிளை ஓட்டிப் பார்த்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர், நேர்கோட்டில் வேகம் பிடிக்கவே திணறியதாகவும், வேகம் வந்த பிறகே அந்த நிலைக்குள் மடங்க முடிந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் கிளம்புவது ஒரே ஒரு முறை. ஓப்ரீ அந்தச் சங்கடத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

பேரிங் கதையின் உண்மையான பகுதி

இப்போது வாஷிங் மெஷினுக்கு வருவோம். இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள தூரம் மனிதன் இயல்பாக நடக்கும்போது குறைவு, சைக்கிளில் அதிகம் என்பது ஓப்ரீயின் எண்ணம். ஒரு வாழைப்பழம் அகலம் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. பெடல்கள் சேர்ந்து வந்தால் கால்கள் நேராக இறங்கும், முன்பக்கம் காற்றில் படும் பரப்பும் குறையும்.

இதற்குத் தடையாக நின்றது பி.பி., அதாவது பாட்டம் பிராக்கெட். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அந்தக் கூட்டின் அகலம் இங்கிலீஷ் அளவில் 68 மி.மீ. மரை, கப், ஆக்சில், கிராங்க் எல்லாமே அந்த 68-ஐச் சுற்றித்தான் செய்யப்படுகின்றன. சாதாரண ரோடு சைக்கிளில் இரு கிராங்குகளின் வெளிமுகத்துக்கு இடையே 145 முதல் 150 மி.மீ. இருக்கும். அதைக் கணிசமாகக் குறைக்கக் கடையில் சாமான் கிடையாது. கூட்டைக் குறுக்கிச் செய்து, அதற்குள் அமரும் பேரிங்கை வெளியிலிருந்து தேட வேண்டும். அவர் கண்ணில் பட்டது வாஷிங் மெஷின் பேரிங். அது நிமிஷத்துக்கு 1200 சுற்று சுழல்கிறதே, அப்படியானால் தரமாகத்தான் இருக்கும் என்று யோசித்தார்.

அந்த யோசனை பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சைக்கிள் கிராங்க் நிமிஷத்துக்கு நூறு சுற்று சுமாருக்குத்தான் போகும். வேகம் அங்கே பிரச்சினை இல்லை, மிதியின் பாரம்தான் பிரச்சினை. எண்ணெய் போட்ட எந்த நல்ல பேரிங்கிலும் பி.பி.யில் வீணாகும் சக்தி மிகக் கொஞ்சம். அவ்வளவு பலமாக மிதிக்கும் ஆளுக்கு அது கணக்கிலேயே வராது. பேரிங்கின் பெருமை வேகத்தில் இல்லை, அளவில் இருக்கிறது: 68 மி.மீ. சட்டத்தை மீறிய ஒரு கூட்டுக்குள் அது அடங்கியது. இந்த வித்தியாசம் எடுபடாமல் போனதால்தான் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அவரை வாஷிங் மெஷின் ஆள் ஆக்கி வைத்திருந்தன. அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று அவரே பிற்பாடு அலுத்துக்கொண்டார்.

கூட்டைக் குறுக்கியதும் அடுத்த சிக்கல் வந்தது. பின்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் அடிக்குழாய்கள் பி.பி.யிலிருந்து சக்கர அச்சுக்குப் போகப்போக அகன்றுகொண்டே போகும். கிராங்க் உள்ளே வந்துவிட்டதால் சுற்றும்போது அந்தக் குழாய்களில் போய் இடிக்கும். ஆகவே அவற்றைத் தரைக்குச் சமமாக விடாமல், கிராங்கின் பாதைக்கு வெளியே போகும்படி சாய்த்து வைத்தார். முன்னால் உள்ள பற்சக்கரமான செயின்ரிங் உள்ளே வந்தால் பின்னால் உள்ள பற்சக்கரமும் அதே அளவு உள்ளே வந்தாக வேண்டும், இல்லையென்றால் செயின் கோணலாக ஓடிச் சத்தம் போடும், சக்தியைத் தின்னும். ஒரு வாழைப்பழ அகலம் என்று ஆசைப்பட்டது, பின்சக்கரம்வரை போய் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. கம்பெனி சைக்கிளில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள முடியாது. பிரேமையே புதிதாகக் கட்டினால்தான் உண்டு.

அவர் உள்ளுணர்வு தப்பில்லை என்பதற்குப் பிற்பாடு கொஞ்சம் ஆதாரமும் வந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், கிராங்க் இடைவெளி 90, 120 மி.மீ. இருந்தபோது, 150, 180 மி.மீ.யைவிட உடம்பின் செயல்திறன் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. மோசரை வீழ்த்தத் தேவைப்பட்ட 2.6 சதவீதத்தோடு இதை வைத்துப் பார்த்தால் அலட்சியம் செய்ய முடியாத எண்.

ஹாமரில் இரண்டு நாள்

முயற்சி நடந்தது ஒரு நாளில் இல்லை. ஜூலை 16 அன்று ஓப்ரீ ஏறியது ‘ஓல்ட் ஃபெயித்ஃபுல்’ மீது அல்ல. அதன் வடிவத்தைப் பின்பற்றி, இன்னும் தேர்ந்த வசதிகளோடு செய்யப்பட்ட நகலின் மீது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்து தோற்றார். தடத்தை 24 மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இன்னொரு முறை ஓட்டுகிறேன் என்றார், மறுநாள் காலையிலேயே. ஒரு மணி நேர சாதனைக்கு ஓட்டியவர் அடுத்த நாள் மாடிப்படி ஏறவே முனகுவார் என்பது அந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரியும். தூக்கத்தில் தசை இறுகிவிடக் கூடாது என்று அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். இரண்டு மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டி எழுப்பும், எழுந்ததும் காலை நீட்டி மடக்கிவிட்டு மறுபடி படுப்பார். காலையில் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார், 51.596 கி.மீ. ஓட்டினார்.

கைவினையைக் கொண்டாடுகிறவர்கள் இதிலிருந்து ஒரே முடிவுக்குத் தாவுவார்கள்: நகல் தோற்றது, அசல் வென்றது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இரண்டு நாளுக்கும் இடையே சைக்கிள் மட்டும் மாறவில்லை. முதல் நாள் கூட்டம், ஏற்பாடு, பதற்றம். இரண்டாம் நாள் இழக்க எதுவும் இல்லாத ஒருவரின் வெறி. அந்த மனநிலை மாற்றத்தைப் பற்றி அவரே நிறையப் பேசியிருக்கிறார். இருந்தாலும் களைத்த காலோடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் என்பதை மனசு மட்டுமே கொடுத்தது என்று ஒதுக்கவும் முடியவில்லை. மேலே பார்த்த மும்மடிக் கணக்கைப் போட்டால், இரு நாள் ஓட்டத்துக்கும் இடையே ஆறு சதவீதத்துக்குக் குறையாத சக்தி வித்தியாசம் வருகிறது.

பிரேம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு சாத்தியம் உண்டு. நகலெடுக்கும்போது அளவுகளை எடுக்கலாம்: கோணம், நீளம், உயரம். ஆனால் பல காலம் ஒரே சைக்கிளை ஓட்டிய உடம்பு, அதன் ஒவ்வொரு வளைவுக்கும் அசைவுக்கும் ஏற்ப தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். மார்புக்கடியில் கையை மடக்கிக்கொண்டு ஓட்டுகிற நிலையில் ஹேண்டில் ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே மூச்சு விடும் இடம் மாறும். வரைபடத்தில் பிடிபடாத அளவுகள் பழைய பிரேமுக்குள் இருந்தன, அவை ஓப்ரீயின் கையிலும் உடம்பிலும் மட்டும்தான் பதிவாகியிருந்தன என்பது என் ஊகம். நிரூபிக்க வழியில்லை.

சாதனை நிலைத்தது ஆறே நாள். ஜூலை 23 அன்று பிரான்சின் போர்டோவில் கிறிஸ் போர்ட்மேன், கோரிமா நிறுவனத்தின் கார்பன் சைக்கிளில் 52.270 கி.மீ. ஓட்டினார். 1994 ஏப்ரல் 27-ல் அதே போர்டோ தடத்தில் ஓப்ரீ 52.713 எடுத்துத் திரும்பப் பிடித்தார். இடையில், 1993 ஆகஸ்டில் அதே ஹாமரில் நடந்த உலகப் போட்டியின் தனிநபர் பர்சூட்டில் (இருவர் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்பி மோதும் ஓட்டம்) போர்ட்மேனை அரையிறுதியில் வீழ்த்தித் தங்கமும் வாங்கியிருந்தார். கார்பனும் ஸ்டீலும் மோதிக்கொண்ட அந்த ஒன்பது மாதத்தில் எந்தப் பொருள் சிறந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவே ஒரு பதில்.

விதி வந்த விதம்

உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. அடுத்து செய்ததுதான் இந்த நிகழ்வின் கசப்பான பகுதி. 1994-ல் சிசிலித் தீவில் நடந்த உலகப் போட்டியில், ஓட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு ஓப்ரீயின் நிலை செல்லாது என்று சொன்னார்கள். அவர் அப்படியே ஓட்டினார், தகுதி நீக்கம் செய்தார்கள். அப்புறம் கைகளை முன்னே முழுசாக நீட்டும் ‘சூப்பர்மேன்’ நிலையைக் கண்டுபிடித்து, 1995-ல் கொலம்பியாவில் மறுபடி உலக சாம்பியன் ஆனார். அதே நிலையில் போர்ட்மேன் 1996-ல் மான்செஸ்டரில் 56.375 கி.மீ. ஓட்டினார். அதையும் பிறகு தடை செய்தார்கள்.

தடைக்குச் சொன்ன காரணம், சாதனை மனிதனுடையதா இயந்திரத்தினுடையதா என்ற கவலை. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் செலவழித்துக் காற்றுச் சுரங்கத்தில் செதுக்கும் சைக்கிள்களுக்கு எதிரே ஏழை நாட்டு வீரர் என்ன செய்வார் என்ற கேள்வி சரியான கேள்வி. விசித்திரம் என்னவென்றால், அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக வந்து நின்ற ஆளைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். இன்றைய விதிப்படி பிரேம் ஒரு முக்கோணத்தைச் சுற்றி மரபான வடிவில் இருக்க வேண்டும். ‘ஓல்ட் ஃபெயித்ஃபுல்’ அங்கேயே விழும். சீட்டின் மூக்கு பி.பி.க்குப் பின்னால் 5 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி வந்தது. பந்தயத்தில் பயன்படுத்தும் சைக்கிள் யாரும் விலை கொடுத்து வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கடைசி விதி பணக்கார நாடுகளின் ரகசிய ஆயுதங்களைத் தடுக்க வந்தது. தன் பட்டறையில் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்கிறவருக்கும் அதே விதிதான்.

விதி இல்லாத இடம் ஒன்று மிச்சம் இருந்தது. மனித சக்தி வாகனங்களுக்கென்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பேட்டில் மவுன்டன் சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் வேகப் போட்டியில் பிரேம் எந்த வடிவத்திலும் இருக்கலாம். ஓப்ரீ தன் வீட்டுச் சமையலறையில், குப்புறப் படுத்து ஓட்டும் ‘பீஸ்டி’ என்ற ஒரு வாகனத்தைக் கட்டினார். தோளைத் தாங்கும் பகுதிக்குப் பழைய சமையல் பாத்திரம் ஒன்றை வெட்டிப் பயன்படுத்தினார். 2013 செப்டம்பரில், 48-வது பிறந்தநாளை ஒட்டி, அதில் மணிக்கு 56.62 மைல் வேகம் எடுத்தார். கிட்டத்தட்ட 91 கி.மீ. குப்புறப் படுத்து ஓட்டும் வகையில் அதுவரை யாரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை.